நரம்பின் வழிகாட்டி

கருவில் வளரும் நரம்பிழை, தான் சேரவேண்டிய இடத்தை எவ்வாறு அறிகின்றது? ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், கோழிக் கருவை ஆராய்ந்து, இழையின் நுனி கூம்புபோல் விரிந்திருத்தலை 1890ஆம் ஆண்டில் கண்டார். அந்நுனியை ஈர்க்கும் வேதிப்பொருள் உண்டென்றும் பின்னர்க் கருதினார்.

நூறாண்டு கழித்து அவர் கருத்து மெய்யாயிற்று. 1994ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் ஆய்ந்த அறிஞர்கள் கோழிக் கருக்களின் மூளையினின்று அத்தகைய புரதத்தைப் பிரித்தெடுத்தனர். வழிகாட்டுவோன் எனப் பொருள்படும் வடசொல்லினின்று அதற்கு 'நெட்ரின்' என்னும் பெயரை அமைத்தனர்.

வழிகாட்டி இருந்தால் மட்டும் போதுமா? அதன் குறிப்பை உணரவும் வேண்டுமன்றோ? நுனியின் மேலுள்ள 'டிசிசி' என்னும் ஏற்பிப் புரதம் அதனை உணர்கின்றது. நெட்ரின் அதனோடு இணையவே, இழை அத்திசை நோக்கி வளர்கின்றது.

இந்த ஏற்பி குறைபடின் இழைகள் உரிய பக்கத்தைச் சேரா. அதனால், ஒரு கை எழுதும்போது மற்றைக் கையும் தானே அசையும். சில குடும்பங்களில் காணப்பட்ட இந்நிலைக்கு டிசிசி மரபணுவின் பழுதே காரணமென 2010ஆம் ஆண்டில் தெரிந்தது.

இன்று மனித மரபணுவை வளர்ப்பு உயிரணுக்களிற் புகுத்தி, இத்தகைய ஏற்பிகளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்குகின்றனர். அறுந்த நரம்பினை மீண்டும் நெறிப்படுத்தும் வழியை அறிஞர் தேடுதற்கு இவை துணைபுரிகின்றன.