இரு சமாரியர்

கிணற்றில் தவறி விழுந்த குழந்தையின் அலறலைக் கேட்டவுடன் உள்ளே குதிப்பவர், இதற்கு அரசாங்கம் பதக்கம் அளிக்குமா என்று ஆராய்ந்த பின்னர் குதிப்பதில்லை. ஆராய அவருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. அங்ஙனமாயின், கேளாதவர்க்கு நாடு ஏன் பதக்கம் அளிக்க வேண்டும்? பதக்கம் கிடைப்பதால் அச்செயலின் மாண்பு குன்றிமணியளவும் கூடுவதில்லை. கிடையாமற் போவதால் குறைவதுமில்லை. அன்றியும், அறம் செய்யும்போது வலக்கை செய்வதை இடக்கையும் அறியலாகாது என்று கற்பித்தவர் நம் ஆண்டவர். மேடையும் மாலையும் கைதட்டலும் அவருடைய சீடர்களுக்கு ஏற்புடையனவோ? நல்லுள்ளம் படைத்தோர் சிலர் எழுப்பும் இவ்வினா நியாயமானதே. ஆதலின், நாடு அளிக்கும் சிறப்புகள் எவை என்பதை முதற்கண் அறிந்துகொண்டு, பின்னர் இதற்கு விடை காண்போம்.

'அஞ்சாதே' என்னும் பதக்கம்

பிறர் உயிரைக் காத்தோர்க்கெனவே ஏற்பட்ட விருதுகள் நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நிறுவப்பெற்றன. அவை மூன்று படிகளாக அமைந்தவை. காப்பவரின் உயிருக்கே மிகப் பெரும் அபாயம் சூழ்ந்த வேளையில் காட்டிய தனிச்சிறந்த துணிவுக்கு 'சர்வோத்தம ஜீவன் ரக்ஷா பதக்கம்'; பெரும் அபாயத்தினிடையே காட்டிய துணிவுக்கும் விரைவுக்கும் 'உத்தம ஜீவன் ரக்ஷா பதக்கம்'; உடலுக்குக் கொடுங்காயம் நேரக்கூடிய நிலையில் ஆற்றிய செயலுக்கு 'ஜீவன் ரக்ஷா பதக்கம்'. நீரில் மூழ்குதல், தீ, விபத்து, மின்சாரம் தாக்குதல், நிலச்சரிவு, விலங்குகளின் தாக்குதல், சுரங்க விபத்து ஆகியவற்றினின்று பிறரைக் காத்தோர் இவற்றிற்கு உரியவர். ஆண், பெண், படித்தவர், படியாதவர் என்னும் வேறுபாடு இல்லை. படைவீரரும் காவலரும் தீயணைப்போரும்கூடப் பெறலாம். ஆயின், கடமையின் நிமித்தமன்றி அதற்குப் புறம்பே செய்த செயலுக்கே பெறலாம். கட்டாயம் ஏதுமின்றித் தானே முன்வந்த அன்பைத்தான் இப்பதக்கம் தேடுகிறது என்பது இந்நிபந்தனையால் விளங்கும்.

பதக்கத்தின் முகப்பில் அபயம் அளிக்கும் கை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதன் மேலே 'மா பைஷீ' என்னும் வடமொழிச் சொற்கள் உள்ளன. 'அஞ்சாதே' என்பது அவற்றின் பொருள். விவிலியம் கற்றோர்க்கு இச்சொல் புதிதன்று. நாசரேத்தூரில் கன்னி மரியாளிடம் வானதூதர் உரைத்தது இதுவே; பெத்லகேம் வயல்வெளியில் இடையர் கேட்டதும், புயலிடையே படகிலிருந்த சீடர் நம் ஆண்டவர் வாயினின்று கேட்டதும் இதுவே. நீருள் அமிழும் ஒருவனை நோக்கி நீளும் கை, வாய் திறவாமலே இச்சொல்லைக் கூறிவிடுகிறது அன்றோ?

பதக்கத்துடன் சான்றிதழும் பொற்கிழியும் உண்டு. அண்மை ஆண்டுகளில் முறையே 2 லட்சம், 1½ லட்சம், 1 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. காக்கச் சென்று உயிர் நீத்தோர்க்கும் இவ்விருதுகள் உண்டு. குடும்பத் தலைவனை இழந்த இல்லத்தில் இத்தொகை துயரை ஆற்றாது. எனினும் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு கைத்தாங்கலாகும்.

விண்ணிலும் நீரிலும்

போர்முனைக்கு அப்பால் ஆற்றும் வீரச் செயல்களுக்கென 1952ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட உயர் விருது அசோகச் சக்கரம். குடிமக்களும் இதனைப் பெறலாம். 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சி விமான நிலையத்தில், பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்றை ஆயுதம் தாங்கியோர் கைப்பற்றினர். அதில் தலைமைப் பணிப்பெண்ணாயிருந்தவர் நீரஜா பனோத். 23ஆம் பிறந்தநாளுக்கு இரண்டே நாட்கள் இருந்தன. துப்பாக்கிகள் முழங்கியபோது விமானத்தின் அவசரக் கதவைத் திறந்து, தாம் முதலில் தப்பாமல் பயணிகளை வெளியேற்றினார். அப்பணியிலேயே சுடப்பட்டு மாண்டார். அடுத்த ஆண்டில் அவருக்கு அசோகச் சக்கரம் அளிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவருக்குரிய ஈட்டுறுதித் தொகையைப் பெற்றோர் தமக்கென வைத்துக்கொள்ளாது, அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினர்.

தமிழக அரசு வீரதீரச் செயல்களுக்கான அண்ணா பதக்கத்தைக் குடியரசு நாளிலும், துணிவு மிக்க பெண்டிர்க்குரிய கல்பனா சாவ்லா விருதைச் சுதந்திர நாளிலும் வழங்கி வருகிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் ஆழத்திற் சிக்கித் தத்தளித்தனர். அங்கிருந்த மூன்று கிராமத்துப் பெண்கள் நாணத்தை ஒருபுறம் வைத்துத் தம் சேலைகளைக் களைந்து நீரில் வீசினர். இருவர் பிழைத்தனர், இருவரை நீர் கொண்டுபோயிற்று. அவ்வாண்டுச் சுதந்திர நாளில் அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது அளிக்கப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டிய பாடம் ஒன்றுண்டு. விவேகம் ஏனைய நற்பண்புகளை நடத்திச் செல்லும் பண்பு என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. நீந்தத் தெரியாதவர் உணர்ச்சி மேலீட்டால் குதித்தால் ஓர் உயிருக்கு ஈருயிர் போகும். கயிறோ, கம்போ, சேலையோ எது கிடைக்கிறதோ அதனை நீட்டுவது கோழைத்தனமன்று. விவேகம் வழிநடத்தும் துணிவு. நம் மறைக்கல்வி வகுப்புகளில் சிறுவர்க்கு இதனையும் சொல்லிக்கொடுத்தல் நலம்.

2018ஆம் ஆண்டு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது நிகழ்ந்ததையும் நாம் மறக்கலாகாது. கடற்கரை ஊர்களின் மீனவர்கள், அவர்களுள் கத்தோலிக்கர் பலர், தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, பல்லாயிரம் மக்களை மீட்டனர். அரசு அவர்களுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாய் அளிப்பதாக அறிவித்தபோது, சகோதரரைக் காத்ததற்குக் கூலி வேண்டா என்று மறுத்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். பின்னர் அரசு விழா எடுத்து அவர்களைச் சிறப்பித்தது. கூலியை மறுத்தது அவர்களுடைய பெருமை; அதற்காக நன்றி கூறாமல் விட்டிருந்தால் அது நாட்டின் சிறுமையாகியிருக்கும்.

நன்றி யாருடைய கடமை?

இப்போது நம் வினாவிற்கு விடை எளிதாகிறது. இடக்கை அறியலாகாது என்னும் கட்டளை கொடுத்தவருக்கு இடப்பட்டது; பெற்றவருக்கு இடப்பட்டதன்று. பெற்றவருக்கு வேறொரு பாடம் உண்டு. தொழுநோயாளர் பதின்மர் குணமடைந்தனர்; ஒருவனே திரும்பி வந்து நன்றி செலுத்தினான். ஏனைய ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் வினவினார். திரும்பி வந்த அவ்வொருவன் யார் எனில், அவனும் ஒரு சமாரியனே. புனித லூக்காஸ் தம் நற்செய்தியில் 10ஆம் அதிகாரத்தில் உயிர் காத்த சமாரியனை உவமையில் காட்டுகிறார். 17ஆம் அதிகாரத்தில் நன்றி மறவாத சமாரியனைக் காட்டுகிறார். முன்னவனைப் பற்றி நாம் நூறு பிரசங்கங்கள் கேட்டிருப்போம். பின்னவனை முன்னவனோடு இணைத்து நோக்கியோர் சிலரே. உயிர் காக்கும் அன்பும் காத்தவரை மறவா நன்றியும் ஒரே சமுதாயத்தின் இரு கைகள்.

புனித மாக்சிமிலியன் கோல்பே 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில், மற்றொரு கைதியின் இடத்தில் தாம் சென்று மாண்டதை நாம் அறிவோம். தப்பிய அக்கைதியான பிரான்சிஸ் கயோவ்னிசெக் பின்னர் என்ன செய்தார்? தம்மைக் காத்தவரைப் பற்றி உலகறியச் சொல்வதையே தம் எஞ்சிய வாழ்வின் கடமையாகக் கொண்டார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1982 அக்டோபர் 10இல் கோல்பே அடிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அம்முதியவரும் அங்கே இருந்தார். 1995ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் அச்சாட்சியத்தை விடவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் வெளியிட்ட ஆணையால், பிறர்க்காகத் தம் உயிரை மனமுவந்து கையளித்தோர்க்கு, அதன் பொருட்டே அருளாளர் பட்டத்திற்கு வழி திறக்கப்பட்டது. திருச்சபையும் தன் நினைவேட்டில் இத்தகையோர்க்கு இடம் தருகிறது எனில், நாடு தருவதில் வியப்பென்ன?

சமாரியனுக்குச் சட்டம் தந்த காப்பு

உவமையில் குருவும் லேவியனும் விலகிச் சென்றதன் காரணம் சொல்லப்படவில்லை. ஆயின் நம் நாட்டுச் சாலைகளில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் பலர் விலகிச் சென்றதன் காரணம் நாடறிந்ததே. காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனையில் கேட்கும் பணம் என்னும் அச்சங்களே அவை. இவற்றை நீக்கும் பொருட்டு மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த தீங்கின் பொருட்டு வழக்குத் தொடுத்தல் இயலாது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அவர் விரும்பினாலன்றித் தம் பெயரையோ முகவரியையோ தெரிவிக்க வேண்டியதில்லை.

இச்சட்டம் நல்ல சமாரியனின் பெயரையே தாங்கி நிற்பது நமக்குப் பெருமை. விபத்தில் சிக்கியவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்து உயிர் காப்போருக்கு 2021 அக்டோபர் முதல் 5000 ரூபாய் வெகுமதி ஏற்பட்டது. 2025இல் அது 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் இத்திட்டம் 'நற்கருணை வீரன்' என்னும் பெயரால் பேசப்படுகிறது. பெயரிட்டோர் நல்ல இரக்கம் என்னும் பொருளையே கருதினர் போலும். ஆயினும், ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை உட்கொள்ளும் நமக்கு இப்பெயர் எத்துணை ஆழமாய் ஒலிக்கிறது! பிறர் வாழத் தம் உடலைப் பிட்டுக் கொடுத்தவரை உட்கொண்டு எழுந்தவன், வீடு திரும்பும் வழியில் குருதி வெள்ளத்தில் கிடப்பவனைக் கண்டும் காணாதவன்போல் செல்லலாமா?

நாம் செய்யத்தக்கவை

பதக்கங்கள் தாமே ஆளைத் தேடி வருவதில்லை. உயிர் காத்தவர் தம்மைத் தாமே பரிந்துரைத்துக்கொள்ளக் கூசுவார். மாண்டவரோ பேச இயலாதவர். ஆகவே அக்கம்பக்கத்தார்தாம் சாட்சிகளாக வேண்டும். நிகழ்ந்த நாள், இடம், காக்கப்பட்டவர் யார், கண்டவர் யார் என்பவற்றைத் தெளிவாக எழுதி, காவல் நிலையப் பதிவு, மருத்துவச் சான்று, செய்தித்தாள் நறுக்கு ஆகியவற்றுள் கிடைப்பனவற்றை இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கு அளிக்க வேண்டும். மத்திய அரசின் விருதுக்கு மாநில அரசே பரிந்துரை அனுப்பும். பழைய நிகழ்ச்சிகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஏறத்தாழ ஈராண்டு எல்லை உண்டு. எனவே தாமதம் கூடாது. எழுதத் தெரியாத ஏழை மீனவனுக்கும் விவசாயக் கூலிக்கும் இவ்வுதவியைச் செய்வது, அன்பியத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் எளிதில் மேற்கொள்ளத்தக்க இரக்கச் செயல்.

பங்கின் இறந்தோர் பதிவேட்டில் பெயர், வயது, இறந்த நாள் ஆகியவற்றுக்கு இடமுண்டு. 'பிறரைக் காக்கச் சென்று மாண்டார்' என்று எழுத அங்கே தனிக் கட்டம் இல்லை. ஆயின் பங்கு வரலாற்றுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுத எவர் தடை? நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுவதும், அவர்தம் மனைவி மக்களின் நிலையை ஆண்டுக்கொரு முறையேனும் நேரிற் சென்று விசாரிப்பதும் எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியன அல்ல. காக்கப்பட்டவரின் குடும்பம் அவ்வீட்டுப் படியேறுமாயின், அதனினும் சிறந்த பதக்கம் வேறில்லை.

அன்பர்களே, நம் ஊரில் அத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் முதியோரைக் கேளுங்கள்; அவர்கள் சொல்வார்கள். முதற் சமாரியன் தன் பணியை முடித்துவிட்டுப் போய்விட்டான். இரண்டாம் சமாரியனாகத் திரும்பி வர வேண்டியவர்கள் நாமே.