குடலிறக்கச் சத்திரசிகிச்சையும் முன்மருந்தும்: அரநாயக்கத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் பாரம் சுமந்து மேடு பள்ளம் ஏறியிறங்கும் தோட்டத் தொழிலாளருக்குக் குடலிறக்கம் உழைப்பையே முடக்கும் நோயாகும். வேலைக்குப் போகாத நாளிற் பேர் விழாது. ஆகவே, சத்திரசிகிச்சையின் பின் எத்தனை நாள் வலிக்கும் என்பது அவர்களுக்குக் கூலி பற்றிய வினாவுமாகும்.

வலி தொடங்கியபின் மருந்து கொடுப்பதே நெடுங்கால வழக்கம். வெட்டுக்கு முன்பே நரம்புகளைக் காத்தல் வேண்டும் எனும் கருத்தை அமெரிக்க நிபுணர் ஜோர்ஜ் கிறைல் 1913இல் முன்வைத்தார். காயத்திலிருந்து ஓயாது வரும் தூண்டல்கள் முண்ணாணைக் கூருணர்வுடையதாக்குகின்றன என்பதை 1983இல் கிளிபோர்ட் வுல்வ் விலங்குப் பரிசோதனைகளாற் காட்டினார்; அந்நிலையில் மெல்லிய தொடுகையும் வலியாகிவிடும். 1988இல் பற்றிக் வோல், வலியைத் தணிப்பதினும் முற்கூட்டித் தடுப்பதே தக்கதென வாதிட்டார்.

எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2002இல் வெளிவந்த மதிப்பாய்வு, ஒரே மருந்தை வெட்டுக்கு முன் கொடுப்பதற்கும் பின் கொடுப்பதற்குமிடையே பொதுவாகப் பெரும் வேறுபாட்டைக் காணவில்லை. இதனால் முன்மருந்து பயனற்றதென முடிவுகட்டுதல் தவறாகும். முதுகில் ஏற்றிய விறைப்பு மருந்து சில மணி நேரத்தில் தெளியும்போது, வாய்வழி மருந்து குருதியிற் கலந்திருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. ஒரு மணி நேரம் முன்னர் விழுங்கிய ஒரு கிராம் பரசிற்றமோல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலைசெய்யும். பின்னரும், வலிக்காகக் காத்திராது, நேரப்படி தொடர்தல் அவசியம்.

“வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது” எனும் கட்டளையைக் கேட்டவர் குளிசையையும் தவிர்த்துவிடுவதுண்டு. மருத்துவர் பணித்த குளிசையை ஒரு மிடறு நீருடன் விழுங்கலாம். தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்புவரை பருகலாம் என்பதே இன்றைய நெறி. (இதனைத் தமிழில் விளக்கிச்சொல்ல விடுதியில் ஒருவர் இருத்தலும் சிகிச்சையின் பகுதியே.)

கபபென்ரின், பிரிகபலின் ஆகியன வலியைச் சற்றுக் குறைப்பினும் தலைச்சுற்றும் தூக்கமும் தருவன. லயத்துக்கு ஏறித் திரும்பவேண்டிய முதியவருக்கு இவற்றை நாம் விதந்துரையோம். இபுபுரொபன் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உடையோருக்கு ஆகா. பரசிற்றமோல், ஈரல் நோயாளர் நீங்கலாகப் பெரும்பாலோருக்குப் பொருந்துவது, மலிவானதுங்கூட. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரில் மருந்து கொள்வனவு செய்யும் முறையை நிலைநாட்டியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஒன்றை மறைத்தலாகாது. இச்சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழப் பத்திலொருவருக்கு வலி மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கின்றது. முன்மருந்து அதனைத் தடுக்குமென இதுவரை நிறுவப்படவில்லை.