இயந்திரத்தில் தங்கும் உப்பு: மும்பைப் படகுகளும் நன்னீர்க் கழுவலும்

ஆனி, ஆடி மாதங்களில் மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. சமையலறையில் மூடி வைத்த ஜாடியிலுள்ள கல் உப்பு கசிந்து, அடியில் நீர் தேங்கி நிற்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றியதில்லை. காற்றிலிருந்த ஈரத்தையே உப்பு இழுத்துக்கொண்டது. தாராவியிலும் மாதுங்காவிலும் நம் வீட்டு ஜாடியில் நிகழும் இச்செயலே மாஹிம் கழிமுகத்திலும், செம்பூருக்கு அப்பாலுள்ள மாஹுல், டிராம்பே கரைகளிலும் கட்டி வைக்கப்பட்ட படகுகளின் இயந்திரங்களை உள்ளிருந்து அரித்துவருகிறது.

படகு கடலில் ஓடும்போதுதான் இயந்திரம் உப்பால் கெடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. ஓடும் இயந்திரத்தில் குளிர்விக்கும் நீர் இடையறாது புதிதாக வந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் உப்பு செறிந்து தங்க வாய்ப்புக் குறைவு. இயந்திரம் நின்றபின் நிலைமை மாறுகிறது. குழாய்களிலும் இடுக்குகளிலும் எஞ்சிய கடல்நீர் இயந்திரத்தின் சூட்டில் ஆவியாகிறது. உப்பு மட்டும் பின்தங்குகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. சிறுபகுதி மெக்னீசியம் குளோரைடு முதலியன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைக் கடந்தால் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கோ நூற்றுக்கு 33 போதும். மழைக்கால மும்பையில் ஈரப்பதம் நூற்றுக்கு 80-க்கு மேல் நிற்பது சாதாரணம். ஆகவே அங்கே படிந்த உப்பு உலர்வதே இல்லை. உலோகத்தின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக இரவும் பகலும் இருந்துகொண்டேயிருக்கும். படலம் மெல்லியதாகையால் காற்றிலுள்ள பிராணவாயு அதனூடே எளிதில் உலோகத்தை அடைகிறது. துரு விரைந்து வளர்கிறது.

இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். குளோரைடு இச்செயலில் செலவாகிவிடுவதில்லை. இரும்பு துருவாக மாறியபின்னும் அது அடியிலேயே தங்கி, அடுத்த படிவத்தைத் தாக்குகிறது. படகின் பின்புறம் பொருத்தும் அவுட்போர்டு எஞ்சின்களில் பல பாகங்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியத்துக்கு இயற்கையாகவே ஆக்சைடு காப்பு உண்டு. குளோரைடு அக்காப்பை ஆங்காங்கே உடைத்து ஊசி முனையளவு குழிகளைத் தோண்டும். வெளியே பார்த்தால் வெள்ளைப் பொடி பூத்ததுபோல் தோன்றும். உள்ளே சுவர் துளைபட்டிருக்கும். உலர்ந்த துணியால் துடைப்பதாலோ எண்ணெய் பூசுவதாலோ உப்பு போகாது. உப்பின்மேல் பூசிய எண்ணெய் அதற்கு ஒரு போர்வையாகிவிடும், அவ்வளவே. நன்னீரில் கரைத்து வெளியேற்றுவதே வழி.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அந்த 61 நாட்களும் இயந்திரம் ஓய்ந்திருக்கும். ஆண்டிலேயே காற்று மிக ஈரமாக இருக்கும் நாட்களும் அவையே. மே மாதக் கடைசியில் கழுவாமல் கரையேற்றிய எஞ்சின் ஆகஸ்டில் இயங்க மறுத்தால், பருவத்தின் முதல் மீன்பாடு கைநழுவும். கடன்பட்டு வாங்கிய எஞ்சினாயின் இழப்பு இரட்டிப்பு. ஆனால் மும்பையின் ஏரிகளில் நீர் மிகக் குறைந்திருப்பதும் மே மாதக் கடைசியில்தான். குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் குடியிருப்பில், பீப்பாய் நிறைய நன்னீரை எஞ்சினுக்கு ஊற்றச் சொல்வது எளிய அறிவுரையன்று. குறைந்த நீரில் நிறைந்த பயன் பெறும் முறையைக் களப்பணியாளர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அரிசி களையும் பெண்கள் அம்முறையை அறிவர். ஒரே தடவை பெரும் பாத்திரத்தில் அலசாமல், கொஞ்சங் கொஞ்சமாக நீர் விட்டு மும்முறை களைந்து வடிப்பார்கள். கணக்காகவே பார்ப்போம். வடித்தபின்னும் 2 லிட்டர் நீர் உள்ளே தங்கும் ஒரு கலத்தில் கடல்நீர் இருப்பதாகக் கொள்வோம். அதில் உப்பு 70 கிராம். 18 லிட்டர் நன்னீரை ஒரே தடவை ஊற்றிக் கலக்கி வடித்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 கிராம் எஞ்சும். அதே 18 லிட்டரை 9, 9 என இரு தடவை ஊற்றினால் முப்பதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 2.3 கிராம். 6, 6, 6 என மும்முறை ஊற்றினாலோ அறுபத்து நான்கில் ஒரு பங்கு, சற்றேறக்குறைய 1.1 கிராம். நீர் கூடவில்லை, பயன் மட்டும் கூடிற்று. எட்டாம் வகுப்பு மாணவர் கரும்பலகையில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. முறை மட்டும் தவறலாகாது: ஒவ்வொரு தடவையும் முழுமையாக வடிந்த பிறகே அடுத்த நீரை ஊற்ற வேண்டும்.

அவுட்போர்டு எஞ்சினைப் பீப்பாயில் நிறுத்தி ஓட்டிக் கழுவுவது வழக்கம். இவ்வழக்கத்தில் ஒரு பிழை நேர்வதுண்டு: நாள்தோறும் அதே பீப்பாய் நீரைப் பயன்படுத்துதல். 60 லிட்டர் பீப்பாயில் நாளுக்கு 2 லிட்டர் கடல்நீர் கலந்துவந்தால், பத்தாம் நாள் அந்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு இருக்கும். அது கடலின் உப்பில் கால் பங்குக்கும் மேல். கழுவுகிறோம் என்ற மனநிறைவைத் தவிர வேறு பயன் அதிலில்லை. நீரை மாற்ற இயலாதவர் இரண்டு பீப்பாய்கள் வைத்துக்கொள்வது நன்று. முதலாவதில் பெரும்பகுதி உப்பை நீக்கி, இரண்டாவதில் இறுதி அலசலைச் செய்ய வேண்டும். முதலாவது நீர் கெட்டதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கி, புதுநீரை இரண்டாவதில் நிரப்பலாம். இரசாயனத் தொழிற்சாலைகளிலும் இதே தத்துவம் கையாளப்படுகிறது.

ஓட்டிக் கழுவுகையில் நீர்மட்டம் எஞ்சினின் நீர் உள்வாய்க்கு மேலே நிற்க வேண்டும். நீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து சுழன்றால் சிறிது நேரத்திலேயே கருகிச் சிதையும். கியரை நியூட்ரலில் வைத்து, சுழல்விசிறியின் அருகே கையோ துணியோ செல்லாமல் காத்துக்கொள்ள வேண்டும். பலர் ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுகின்றனர், அது போதாது. தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில், உடல் சூடேறி அது திறந்த பின்னரே நன்னீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் நன்கு பாயும். அதற்கு முன் நிறுத்தினால் உப்பு மிகுந்த இடமே கழுவப்படாமல் போகும். நிறுத்திய பின் எஞ்சினை நேராக நிறுத்தி நீர் முழுவதையும் வடிய விட வேண்டும்.

துத்தநாகக் கட்டிகளைப் பற்றி ஒரு சொல். 1824-ல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் செப்பு அரிபடாமல் நிற்பதை எடுத்துக்காட்டினார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் அதிலிருந்து நஞ்சு கரைவது நின்றதால் சிப்பிகளும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டன என்பது அக்கதையின் வேடிக்கையான பகுதி. இன்றும் எஞ்சினில் பொருத்தும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கிறது. அழகுக்காக அதன்மேலும் வண்ணம் பூசிவிட்டால் அது வேலை செய்யாது. உப்பு படிந்த உள்வழிகள் அனைத்தையும் அது எட்டுவதுமில்லை. கழுவுதலுக்கு அது மாற்றாகாது.

மழைக்காலத்தில் கழிமுக நீர் சுவை மாறி நன்னீர்போல் தோன்றும். அதைக் கொண்டே கழுவலாமே என நினைப்பது இயல்பு. மித்தி ஆறு கலக்கும் மாஹிம் கழிமுகத்தில் உப்புக் குறைந்தாலும் சாக்கடைக் கழிவு மிகுதி. பிராணவாயு அற்ற அச்சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பைடை உண்டாக்குகின்றன. சல்பைடு பித்தளையையும் செம்பையும் கருக்கி அரிக்கவல்லது. வற்றுநீரின்போது சேறும் உள்ளே ஏறும். மழையையே பயன்படுத்துவது மேல். மும்பையில் பருவமழை சராசரியாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிச் செல்ல விட்டு, அடுத்து வரும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்தால், கரையேற்றிய எஞ்சினுக்கு இரண்டாவது கழுவல் செலவின்றிக் கிட்டும். மே மாதத்தில் சிக்கனமாக மும்முறை அலசி, ஜூனில் மழைநீரால் தாராளமாக ஒருமுறை கழுவுவது இந்நகருக்குப் பொருத்தமான ஏற்பாடு.

உப்புக்காற்றின் இவ்வியல்பை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடமுண்டு. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றிலும் நீரிலும் வைத்து அரிமானத்தை அளந்துவந்துள்ளது.

வகுப்பறையில் செய்து காட்ட மூன்று இரும்பு ஆணிகள் போதும். மூன்றையும் உப்புக்காகிதத்தால் தேய்த்து, கல் உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்துக. ஒன்றை மட்டும் நன்னீரில் மும்முறை அலசித் துடைத்துவிடுக. அலசிய ஆணியையும் அலசாத ஒன்றையும், சிறு கிண்ணத்தில் நீர் வைத்த ஒரே மூடிய புட்டியில், நீரில் படாமல் வைக்க வேண்டும். அலசாத மற்றொன்றை, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வேறொரு புட்டியில் மூடி வைக்க வேண்டும். சில நாட்களில், ஈரத்தில் இருந்த அலசாத ஆணி துருவேறியும், மற்ற இரண்டும் பெரும்பாலும் மாறாமலும் இருக்கக் காணலாம். உப்பும் ஈரமும் சேர்ந்தாலன்றி இக்கேடு விரைந்து நிகழாது என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர்.

கழுவல் முற்றுப்பெற்றதா என்பதையும் சோதிக்கலாம். எஞ்சினிலிருந்து வடியும் கடைசி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளிகளும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளிகளும் விடுக. தயிர்போல் வெண்மையாகத் திரண்டால் குளோரைடு மிகுதி. இன்னொருமுறை அலச வேண்டும். நகராட்சிக் குழாய் நீரிலும் சிறிதளவு குளோரைடு உண்டாதலால், அதையும் ஒரு குழாயில் எடுத்து அருகே வைத்து ஒப்பிடுக. இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் எஞ்சினை மூடி வைக்கலாம். வெள்ளி நைட்ரேட்டு தோலில் பட்டால் கரும்புள்ளி விழும். ஆசிரியரே துளிகளை விடுவது நல்லது.