பழைய காரைப் பிரிக்கும் முன்

வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1960-களில் உருவான ஹெரால்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர், மும்பையில் செய்த ஃபியட் 1100. இவற்றில் ஏதாவது ஒன்று இன்றும் தமிழ்நாட்டின் பல வீட்டு ஷெட்டுகளில் டயர் இறங்கி, தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பேரனோ பேத்தியோ ஒருநாள் அந்தத் தார்ப்பாயை விலக்குகிறார்கள். ‘தாத்தா ஓட்டின வண்டி, மறுபடி ஓட வைக்கணும்’ என்று ஆசை பிறக்கிறது. அது நல்ல ஆசை. இந்த நாட்டுத் தொழிலாளிகள் கையால் செய்த பொருளை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அது.

ஆனால் அந்த ஆசையோடு நேராகப் பட்டறைக்குப் போய், ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி யார் பேரில் இருக்கிறது?

ஆர்.சி. புத்தகம் காலமான தாத்தாவின் பேரிலேயே இருக்கும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. முப்பது வருடமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். தாமதத்துக்குக் கட்டணம் வரும், அவ்வளவுதான். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இருந்தால் வழி உண்டு. சித்தப்பாவும் அத்தையும் சம்மதிக்கிறார்களா என்பதை வண்டி துருப்பிடித்துக் கிடக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துப் பளபளவென்று நிறுத்திய பிறகு கேட்டால், வரும் பதில் வேறாக இருக்கும்.

‘எம்.எஸ்.’ என்று தொடங்கும் பழைய மதராஸ் எண் கொண்ட வண்டியாக இருந்தால் இன்னொரு தடை உண்டு. அந்தக் காலப் பதிவுகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கைப்பிரதி ஏடுகளில்தான் இருந்தன. ‘வாகன்’ கணினியில் எண்ணைத் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். அப்போது அசல் ஆர்.சி.யைக் காட்டி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கக்கூடும். வண்டி பட்டறையில் நிற்கும் காலத்திலேயே இந்த அலைச்சலையும் முடித்துவிடுவது உத்தமம்.

வெளியாளிடம் வாங்குவதானால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் தகடு புதிதாக ரிவெட் அடித்ததுபோல் தெரிந்தால் பின்வாங்கிவிடுங்கள். உடலெங்கும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு, உடலைக் கழற்றிக் கீழே இறக்கலாம். அதனால் மேலே பெயின்ட் பளிச்சென்று இருந்தாலும், கீழே படுத்துச் சட்டகத்தின் பக்கவாட்டுக் கைகளைத் தட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. வண்டி திருட்டு வழக்கில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பார்க்கலாம்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ‘காசு வாங்கியாச்சு, இனி அவர் பாடு’ என்று இருந்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரை, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, சட்டத்தின் கண்ணில் உங்கள் வண்டிக்கு என்ன வயது? இதில்தான் ஆர்வலர்கள் அதிகம் குழம்புகிறார்கள். உலக அளவில் பழங்கார் கழகங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 30 வருடம் கடந்த வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியச் சட்டம் கேட்பது 50 வருடம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பகுதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வின்டேஜ்’ தகுதி தருகிறது. ‘பரிவாகன்’ தளத்தில் படிவம் 20 வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியென்றால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி ஆகியவை தேவை. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்வையிடும். 60 நாளுக்குள் சான்று தர வேண்டும். புதிதாக வின்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய், பின்னர் மறுபதிவு செய்ய 5,000 ரூபாய். சான்று 10 வருடம் செல்லும். பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்கு இனிப்பான செய்தி. புதிய எண் வாங்குபவர்களுக்கு மாநில எழுத்துகளுக்குப் பின் ‘வி.ஏ.’ வரும்.

இதற்கு ஈடாகச் சட்டம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. முதலாவது, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அம்பாசடரில் வேறு டீசல் எஞ்சினை ஏற்றுவதும், ஃபியட்டில் மாருதி எஞ்சினைப் பொருத்துவதும் நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிற வேலை. ‘மைலேஜ் கொடுக்கும் சார், மக்கர் பண்ணாது’ என்பார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டினால் வின்டேஜ் தகுதி கைநழுவலாம். முன் அனுமதியில்லாமல் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் மீறியதாகும். இரண்டாவது, அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கானது அல்ல. வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கவும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

50 வருடம் ஆகாத வண்டிகள் பாவம்தான். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-க்கே 2033-இல்தான் அந்த வயது வரும். அதுவரை சாதாரணத் தனியார் கார் போல, 15 வருடத்துக்குப் பின் 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தே ஆக வேண்டும். இதில் அரசு மனம் வைத்து ஒரு இடைநிலைத் தகுதியைக் கொடுத்தால் எத்தனையோ நல்ல வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பும்.

இனி பட்டறை. இங்கேதான் அதிகக் கண்ணீர். வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘பார்ட்ஸ் வரலை’, ‘டிங்கர் ஊருக்குப் போயிருக்கார்’ என்று வருடக்கணக்கில் இழுப்பது இந்தத் துறையின் தீராத நோய். எல்லாப் பட்டறைக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பிரித்துப் பார்க்கும் வரை துரு எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரியாது என்பது உண்மை. அதனால்தான் மொத்தமாக ஒரு தொகை பேசாமல், கட்டம் கட்டமாகப் பேச வேண்டும். பிரித்து ஆய்வு செய்ய இவ்வளவு, டிங்கரிங்குக்கு இவ்வளவு, எஞ்சினுக்கு இவ்வளவு, பெயின்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் தேதியோடு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கூடுதல் வேலை வந்தால் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். செய்த வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கைதான்.

வண்டியை விடும் நாளில் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டேஷ்போர்டு மீட்டர்கள், குரோம் பட்டைகள், பெயர் எழுத்துகள், விளக்குக் கண்ணாடிகள் என ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பட்டியலிட்டு, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அசல் பாகம்தான் இந்த வண்டியின் சொத்து. அது மாறிப்போனால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் கிடைக்காமல் போகலாம்.

சட்டத்தில் உங்கள் வண்டி அவரிடம் ஒப்படைப்புப் பொருள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, தன் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிக் காப்பாரோ அப்படி அவர் காக்க வேண்டும். மழையில் போட்டுத் துருவேற விட்டால் கேட்கலாம். குறித்த நேரத்தில் திருப்பித் தராமல் அவர் தவறால் சேதம் வந்தால் 161-ஆம் பிரிவு அவரைப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டம் அவருக்கும் ஒரு பாதுகாப்பு தருகிறது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்த கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை 170-ஆம் பிரிவில் இருக்கிறது. தையற்காரர் கோட்டுத் தைத்து முடித்ததும் தருவதாகவும் கூலிக்கு மூன்று மாதத் தவணையும் ஒப்புக்கொண்டால் அந்தக் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று சட்டத்திலேயே உதாரணம் உண்டு. அதாவது, பணம் எப்போது என்பதை எழுதி வைத்தால் இந்த உரிமைக்கும் எல்லை வகுக்கலாம். பிடித்து வைக்கலாமே தவிர, பாகங்களைக் கழற்றி விற்க அவருக்கு அனுமதியில்லை. விற்றால் அது நம்பிக்கை மோசடி, போலீஸில் புகார் கொடுக்கலாம். பில்லில் தகராறு என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை இழுத்து வராதீர்கள். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி, வண்டியை மீட்டு, பிறகு வழக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில்தான் பழங்கார் கழகங்களின் அருமை தெரியும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், மும்பையில் வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா போன்றவை ஞாயிற்றுக்கிழமைப் பேரணிக்கு மட்டும் உள்ளவை அல்ல. எந்த லேத்காரர் பிஸ்டன் வேலையை ஒழுங்காகச் செய்வார், எந்தப் பட்டறை வண்டியை முடக்கிப் போடும், உங்கள் வருட மாடலுக்கு எந்த வண்ணம் அசல் என்பதெல்லாம் உறுப்பினர்களின் வாயில் இருக்கிறது. அசல் வண்டி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க, கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாங்கும் முன் ஒரு மூத்த உறுப்பினரை அழைத்துப் போய்க் காட்டுவது பெரிய நஷ்டத்தைத் தடுக்கும். ஆனால் கழகத்தின் சான்று ஆர்.சி. ஆகாது, கழகம் நீதிமன்றமும் ஆகாது. உறுப்பினர் விற்கிறார் என்பதற்காக ஆவணத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தா கட்டும் கழகம் பதிவு பெற்றதா, வருடாந்தரக் கூட்டம் நடத்திக் கணக்குக் காட்டுகிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உயிருக்கு வரும் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, சைலன்சர் கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் பிரேக் டிரம்மை ஊதித் தள்ளும் வழக்கம் அந்த நுண்தூளை நுரையீரலுக்கே அனுப்புகிறது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர் நிலையில் தேய்க்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். முழுமையாகக் கழுவி ஆவி நீக்காமல் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். பையன் ஒருவனை முகமூடிகூட இல்லாமல் ஸ்பிரே அறைக்குள் நிறுத்தும் பட்டறைக்கு உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ-20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களையும் தக்கை கேஸ்கெட்டுகளையும் கெடுக்கும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். கசிவு சூடான எஞ்சினில் பட்டால் தீதான். எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு இல்லாமல் பொதுச் சாலையில் ஒரு தெரு தூரம்கூட ஓட்டக் கூடாது. மெக்கானிக் ‘டிரையல்’ எடுப்பதும் இதில் சேரும். 5 வருடம் கடந்த வண்டியின் காப்பு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை, செலவுப் பில்கள், படங்கள் ஆகியவற்றைக் காட்டி மதிப்பை உயர்த்திக் கேளுங்கள். கழற்றி வைத்த பாகங்களுக்கும் பட்டறைத் தீ விபத்துக்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மீறி ஏமாந்தால், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரிக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்று லாபம் பார்க்கவோ வாடகைக்கு விடவோ புதுப்பித்த வண்டியென்றால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலக்கெடு 2 வருடம். ‘அடுத்த மாசம் முடிச்சிடறேன்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பதில்தான் பலர் அதைக் கோட்டைவிடுகிறார்கள். ஒப்புக்கொண்ட தேதி தாண்டியதும் முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு அனுபவமுள்ள ஒரு கழக உறுப்பினரையோ தகுதியுள்ள சர்வேயரையோ அழைத்துப் போய், வண்டி எந்த நிலையில் நிற்கிறது என்று தேதியோடு அறிக்கை வாங்குங்கள். வேலையில் குறை என்பதற்கு ஆதாரமாக ஆணையம் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.