தேர்வு எழுதாமலே மார்க்!

தஞ்சாவூர்ப் பக்கம் தை மாதம் பிறந்துவிட்டால் சம்பா அறுவடைதான். அப்போது சில வயல்களில் ஒரு வேடிக்கை நடக்கும். அதிகாரிகள் வந்து, 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குச் சதுரமாகக் கயிறு கட்டுவார்கள். அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். 12 கிலோ தேறினால், அதை 400ஆல் பெருக்கி, 'எக்டேருக்கு 4,800 கிலோ' என்று எழுதிக்கொள்வார்கள். ஏன் 400? ஒரு எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். நீங்களே வகுத்துப் பாருங்கள்!

இப்படிச் சில வயல்களை மட்டும் பார்த்தே ஊர் முழுவதற்கும் சராசரி விளைச்சலைச் சொல்லிவிடுகிறார்கள்.

நெல்லுக்குச் சரி. தேர்வே எழுதாத மாணவரின் மார்க்கை இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

சொன்னார்களே! 2021இல் கொரோனாவால் பிளஸ் 2 பொதுத்தேர்வு ரத்தானது. மார்க் இல்லாமல் கல்லூரியில் சேர்வது எப்படி? தமிழக அரசு ஒரு சூத்திரம் வகுத்தது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய 3 பாடங்களின் சராசரிக்கு 50 பங்கு; பிளஸ் 1 எழுத்துத்தேர்வுக்கு 20; பிளஸ் 2 செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. அந்த ஜூலையில் 8 லட்சத்துக்கும் அதிகமான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இப்படித்தான் மார்க் வந்தது. பழைய எண்களை வைத்துத் தெரியாத எண்ணைக் கணிக்கும் இத்தகைய சூத்திரத்தைக் 'கணித மாதிரி' என்பார்கள்.

ஓர் அக்காவின் கணக்குப் பாட மார்க்கைப் போட்டுப் பார்ப்போமா? இது கற்பனை அக்காதான்! பத்தாம் வகுப்பில் தமிழ் 92, சமூக அறிவியல் 86, அறிவியல் 80. சராசரி 86, அதில் பாதி 43. பிளஸ் 1 கணக்கில் நூற்றுக்கு 60, அதற்கு 12. அகமதிப்பீட்டில் முப்பதுக்கு 28. மொத்தம் 83.

கவனித்தீர்களா? கணக்குப் பாடத்துக்கான 83இல் 43 மார்க் தமிழும் சமூக அறிவியலும் அறிவியலும் கொடுத்தவை! கணக்கில் மட்டுமே புலியாக இருக்கும் மாணவருக்கு இந்தச் சூத்திரம் அவ்வளவாக உதவாது. மார்க்கில் திருப்தி இல்லாதவர்கள் பிறகு தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று அரசு ஒரு வழி வைத்தது நல்லதாகப் போயிற்று.

இங்கிலாந்தில் 2020இல் பெரிய ரகளையே நடந்தது. அங்கே மாணவரின் பழைய மார்க்கோடு, அவரது பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேறியது என்பதையும் கணினிக் கணக்கில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துபோயின. எங்கள் பள்ளியில் முன்பு படித்தவர்கள் வாங்கிய மார்க்குக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதி அந்த முறையையே கைவிட்டார்கள்.

நம் வயலிலும் இதே சிக்கல் உண்டு. ஊர் சராசரி நன்றாக இருக்கலாம். பள்ளத்தில் இருக்கும் ஒருவரின் நெல் மழையில் மூழ்கி அழுகியிருந்தால், அந்தச் சராசரியில் அது தெரியாது. கூட்டத்தைக் கணிப்பது சுலபம். ஒருவரைக் கணிப்பதுதான் கஷ்டம்.

கும்பகோணத்து ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம். டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்குப் பரிசு. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எந்தச் சூத்திரமும் 'இவர் கல்லூரியில் வெளுத்துக் கட்டுவார்' என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் 1906, 1907 என இரண்டு முறை தோல்வி. இந்த மார்க்கை வைத்துக் கணித்திருந்தால், சூத்திரம் என்ன சொல்லியிருக்கும்?

1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த எஃப்.ஏ. தேர்வில் மட்டும் அவர் கடைசிவரை தேறவே இல்லை!