உயிர்வேலி

வேலி எதனைக் காக்கின்றது என்று வினவுவார்க்கு, ஆடுமாடுகளினின்றும் பயிரைக் காக்கின்றது என எவரும் விடை கூறுவர். அவ்விடையிற் குறையொன்றுமில்லை. ஆயின் உயிருள்ள செடிகொடிகளால் அமைந்த வேலியொன்று நிலத்தைச் சூழ்ந்து நிற்குமிடத்து, அது காப்பன வேறும் பலவுள. அவற்றை எடுத்துரைப்பதே யாம் இக்கட்டுரையிற் கருதியது.

வயலில் ஓராண்டிற் பன்முறை ஏர் ஓடுகின்றது. அறுவடைக்குப் பின் நிலம் வெறிதாய்க் கிடக்கின்றது. அடுத்த போகத்தில் ஒரே இனப் பயிர் நிற்கின்றது. மண்ணிற் கூடமைக்குந் தேனீயும், ஆண்டு முழுதும் இரை வேண்டுஞ் சிலந்தியும் ஆங்கு நெடிது வாழ்தல் அரிது. உழப்படாது நிலைபெறும் இடங்கள் வரப்பும் வேலியுமே. இக்காலத்தார் பல்லுயிர்ப் பெருக்கம் என்று போற்றும் செல்வம், ஒரு குடியானவனது நிலத்தில் தங்கவேண்டுமாயின் பெரும்பாலும் அவ்வோரத்திலேதான் தங்கவேண்டும்.

கொங்குநாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் ஆகிய ஊர்ப்புறங்களிற் செல்வோர் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காண்பர். மழை குறைந்த அந்நாட்டில், சில ஏக்கர் பரப்புள்ள புல்நிலம் ஒவ்வொன்றையும் முள்ளுக்கிளுவை வேலி சுற்றி நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். கோடையிற் புல் கருகிய காலத்து, வெள்வேலின் நெற்றுக்கள் உதிர்ந்து ஆட்டிற்கும் மாட்டிற்கும் உணவாகும். பெயர்பெற்ற காங்கேயம் மாடுகள் இத்தகைய நிலங்களில் மேய்ந்து வளர்ந்தவையே. வேலி இருத்தலால் மேய்ப்பவனின்றியே மந்தையை ஒரு காட்டில் விட்டு, அது மேய்ந்த பின் மறுகாட்டிற்கு மாற்றுவர். முன்னைய காட்டிற் புல் மீண்டுந் தழைக்கும். புல், மரம், வேலி என்னும் மூன்றில் ஒன்று நீங்கின் ஏனையவும் நிலைகுலையும்.

இனி அவ்வேலியினுள் வாழ்வாரைப் பார்ப்போம். கிளுவையின் மேற் கோவையும், பிரண்டையும், வேலிப்பருத்தியும், சீந்திலும் படர்கின்றன. அவற்றின் செறிவிற் செம்போத்து கூடு கட்டுகின்றது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் அடியிற் சருகைக் கிளறிப் புழுவைப் பொறுக்குகின்றன, கௌதாரி ஒளிகின்றது. ஓணான், தேரை, கீரி, சாரைப்பாம்பு ஆகியவற்றிற்கும் அதுவே இல்லம். சாரையைக் கண்டவுடன் தடியெடுக்கும் வழக்கம் நம்மவரிடத்து இன்னும் நீங்கவில்லை; நஞ்சற்ற அப்பாம்பு தின்னும் எலிகளை எண்ணுவார் இலர்! எருக்கு, வேலிப்பருத்தி முதலிய பாற்செடிகளை வேண்டாதன என்று களைகின்றோம். அவை ஒழியின் அவற்றின் இலையையே உண்டு வளரும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியும் ஒழியும்.

இவற்றால் உழவனுக்கு வரும் பயன் யாதெனின், கத்தரிச் செடியொன்றைச் சான்றாகக் கொள்வோம். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நெடுக வெடிப்பதன்று. நுனியிற் சிறு துளை மட்டும் உடையது. அதனை உலுக்கினாலன்றி மகரந்தம் நன்கு வெளிவாராது. காற்றினாற் சிறிது உதிருமேனும், தச்சுத்தேனீயாகிய கருவண்டும், நீலவரித் தேனீயும் பூவைப் பற்றித் தம் உடலை அதிரச் செய்யும்பொழுதே அது மிகுதியாய்ச் சொரியும். நாம் பெட்டியில் வளர்க்குந் தேனீக்கு இவ்வித்தை தெரியாது! கருவண்டோ உலர்ந்த மரத்தைத் துளைத்து வாழ்வது. நீலவரித் தேனீ உழாத மண்ணிற் கூடு அமைப்பது. பூசணி, பாகல், பீர்க்கு, புடல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பார் இன்றேல் பிஞ்சு வெம்பி உதிரும். அவற்றுள்ளும் புடல் இரவில் மலர்வதாதலின், அந்துப்பூச்சிகளின் உதவியை வேண்டுவது.

பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் வேறோர் இனம். 2008ஆம் ஆண்டில், மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி கோயமுத்தூர்ப் பக்கத்திற் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, முசுக்கட்டை ஆகிய பயிர்கள் வெண்மாவு பூசினாற்போல் ஆகி வாடின. மெழுகுப் போர்வை உடைமையால் மருந்துகள் அப்பூச்சியை எளிதிற் பற்றவில்லை. 2010இல் அதன் தாயகப் பகைவனாகிய ஒரு குளவி கொணர்ந்து விடப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் நீளமுமில்லாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று வெளிப்படும். சில திங்களிற் கேடு தணிந்தது. வந்தேறியாகிய பகைக்கு நம் வேலியிலிருந்த உயிர்கள் போதவில்லை என்பது மெய்யே. ஆயினும் நாள்தோறும் வரும் புழுவையும் அசுவுணியையும் அடக்குவன இங்கேயே பிறந்த இத்தகைய சிறு குளவிகளும் பொறிவண்டுகளுமே. வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும்; மக்காச்சோளம் மட்டும் நிற்கும் பெருவயலில் அதற்குத் தேன் எங்கே? வேலிக்கொடிகளின் சிறு பூக்களிலேதான்.

இவ்வளவு நன்மையிருந்தும் கிளுவை வேலிகள் அகற்றப்பட்டுக் கற்காலும் முட்கம்பியும் இடம்பெற்று வருகின்றன. உழவரைக் குறைகூறுதல் எமக்கு உடன்பாடன்று. உயிர்வேலி சில முழ அகலம் நிலத்தைக் கொள்கின்றது. அதனடியிற் பயிர் குன்றும். கழிப்பதற்குக் கூலியாள் வேண்டும். அதனுள் ஒளியும் மயில் நிலக்கடலையைக் கிளறும். கம்பிவேலியோ விரைவில் முடியும். மேலும் எல்லாச் செடியும் வேலிக்கு ஏற்றதன்று. சப்பாத்திக்கள்ளியை வேலிக்கென வளர்க்க, அது நிலத்தையே விழுங்கியது; 1926இல் இலங்கையினின்றும் கொணர்ந்த கொச்சினீற் பூச்சியே அதனை ஒழித்தது. சீமைக்கருவேலை வேலியாக விடுவோரும் அவ்வாறே துன்புறுவர். ஆதலின் நாட்டுச் செடிகளையே நடுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

இருக்கின்ற வேலியைப் பேணுதற்கு மிக்க செலவில்லை. ஓராண்டு ஒரு பக்கத்தையும் மறுவாண்டு மறுபக்கத்தையும் கழித்தால், கூடும் பூவும் ஒருங்கே அழியா. பட்ட கிளைகள் சிலவற்றைக் கருவண்டிற்கென விட்டுவைக்கலாம். பயிரின் ஓரத்தில் ஒரு வரிசை தட்டைப்பயறு விதைத்தால், அதில் அசுவுணி பற்றும். அதனைத் தின்னப் பொறிவண்டு வந்து பெருகி, பின் நடுவயலுக்கும் பரவும். பயற்றில் அசுவுணி கண்டவுடன் அஞ்சி மருந்து தெளிப்பவன் தன் காவற்படையையே கொல்லுகின்றான். மருந்து இன்றியமையாதாயின், தேனீக்கள் திரியுங் காலையை விடுத்து மாலையிலே தெளித்தல் தக்கது.

வீட்டுத்தோட்டம் உடையார், முற்றம் முழுதும் சிமிட்டி பூசாது ஒரு மூலையையேனும் வெறுமண்ணாக விடலாம். அடுக்குச் செம்பருத்தியினும் ஒற்றைச் செம்பருத்தியே மகரந்தம் மிக்கது. கறிவேப்பிலையிற் காணும் பச்சைப் புழுக்கள் சில அழகிய வண்ணத்துப்பூச்சியாகும், இலை கொஞ்சம் போனாற் போகட்டும். புதிதாய் வேலி வைப்போர் மழை தொடங்கும் பருவத்திற் கிளுவைப் போத்துக்களை நெருக்கமாய் நடுக. கம்பிவேலியை முன்னரே இட்டவர்கள் அதனைப் பிடுங்க வேண்டுவதில்லை. கம்பியின்மேற் கோவையையும் சங்குக்கொடியையும் ஏற்றி, அதனடியிலே போத்துக்களை நட்டுவரின், சில ஆண்டுகளிற் கம்பி கண்ணுக்குத் தெரியாது மறையும்.