மார்க் வேறு, ரேங்க் வேறு

பாகாலா பக்கம் வாழும் நம்மவர்களுக்கு ஒரு விளக்கம். தமிழகத்தில் பி.பார்ம். சேர பிளஸ் டூ மார்க்கே அடிப்படை. இங்கோ ஈஏபிசெட் எழுத வேண்டும். மொத்தம் 160 மார்க். தவறான விடைக்குக் கழிப்பதில்லை.

2024-இல் ரேங்க் போட்ட முறை: தேர்வுக்கு 75 பங்கு, இன்டர்மீடியட் முக்கியப் பாடங்களுக்கு 25 பங்கு. தேர்வில் 80 என்றால் 37.5. இன்டரில் நூற்றுக்கு 80 என்றால் 20. கூட்டினால் 57.5, இதை வைத்தே ரேங்க்.

சி.பி.எஸ்.இ.யில் படித்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத் தாங்களே பதிவு செய்ய வேண்டும். தவறினால் ரேங்க் வராது.

ரயில்வேக்காரன் பாஷையில், மார்க் டிக்கெட். ரேங்க் வெயிட்டிங் லிஸ்ட் நம்பர். ஊரில் விசாரிப்பவர்களிடம் இரண்டையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்!